பவளப்பாறை மீன்களைப் பார்க்கப் பழகுவது எப்படி?

நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவில்தான் நான் முதன்முதலாகக் கடலுக்குள் முகத்தைக் கவிழ்த்தேன். இறங்கியதும் ஒரு நீல மீன் கண்ணில் பட்டது. அரை மணி நேரம் அதைத் துரத்தினேன். பார்த்ததெல்லாம் அதன் வால்தான். கடைசியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலை ஆட்டாமல், கீழே இருந்த ஒரு பாறையைப் பார்த்தபடி கிடந்தேன். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பாறை இடுக்குகளிலிருந்து மீன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு பெரிய மீன் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் நிற்க, விரல் நீளமே இருந்த இன்னொன்று அந்த வாய்க்குள் போய்விட்டுத் திரும்பி வந்தது. பழுப்பு நிற மீன் ஒன்று என் முகமூடியை நோக்கிச் சீறிப் பாய்ந்தது. அந்த ஒரு பாறையைவிட்டு நான் அன்று நகரவே இல்லை.

பவளப்பாறையை நம் மீனவர்கள் 'பார்' என்பார்கள். பாரில் வாழும் சின்னஞ்சிறு வண்ண மீன்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு, ஒரு வேலை, தீராத ஒரு வழக்கு இருக்கிறது. துரத்துகிறவருக்கு இது எதுவும் தெரியாது. ஒரே இடத்தில் நிற்கிறவருக்குத் தெரியும். நீச்சலில் பெரிய திறமை இல்லாதவர்கள்கூட இதைப் பழகலாம். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இடமும் காலமும்

நம் பக்கத்தில் எளிதில் போகக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று திருகோணமலை மாவட்டத்தில் உள்ள புறாமலை. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம்தான். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இலங்கையின் கிழக்குக் கடல் மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும்; வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கலங்கிவிடும். இன்னொன்று அந்தமான். வண்டூர் அருகே மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளை மாற்றி மாற்றித் திறந்துவிடுவார்கள். அங்கே பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டுபோக விடமாட்டார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம்.

மன்னார் வளைகுடாவிலும் அருமையான பார்கள் உண்டு. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986 முதல் அவை தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளில் இறங்கக் கூடாது. யாராவது படகு வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று தனியாகப் பேசினால் போகாதீர்கள்.

நாளில் காலை நேரமே நல்லது. காற்று எழுவதற்கு முன் நீர் தெளிவாக இருக்கும். தலைக்கு மேல் வெயில் ஏறும்போது நிறங்கள் இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அதற்குள் கூட்டமும் வந்துவிடும். கடல் வற்றும் நேரத்தில் மிக ஆழம் குறைந்த பார் மேல் நீந்தப் போகாதீர்கள். வயிறு பவளத்தில் உரசும், உங்களுக்கும் காயம், அதற்கும் காயம். அன்றைய ஏற்ற வற்றத்தைப் படகுக்காரரிடம் கேட்டால் நிமிடக் கணக்கில் சொல்வார்.

இரண்டாம் படி: முகமூடியும் மூச்சும்

முகமூடி, மூச்சுக்குழாய், மிதவைச் சட்டை. இந்த மூன்று போதும். துடுப்புக்கால் முதல் நாள் வேண்டாம் என்பது என் கருத்து. புதியவர்கள் அதை மாட்டிக்கொண்டால் பின்னால் என்ன உடைகிறது என்று தெரியாமல் பவளத்தை உதைத்துவிடுகிறார்கள்.

முகமூடியை வாடகைக்கு எடுப்பதானால் வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. மீசை உள்ளவர்களுக்கு மேலுதட்டுப் பக்கம் நீர் கசியும். அந்த ஓரத்தைக் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டால் சரியாகும். கிட்டப்பார்வை உள்ளவர்கள் பவர் வைத்த முகமூடி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் எச்சில் தடவிக் கடல்நீரில் ஒருமுறை அலசினால் போதும்.

இடுப்பளவு நீரில் நின்றபடி முகத்தை மட்டும் கவிழ்த்து வாயால் மூச்சு விட்டுப் பழகுங்கள். மனம் முதலில் பதறும். குழாய் வழியாக வரும் உங்கள் மூச்சுச் சத்தமே காதில் பெரிதாகக் கேட்கும். அந்தச் சத்தம் சீராகும்வரை ஆழத்துக்குப் போகாதீர்கள். பதற்றமாக மூச்சுவிடுகிறவர் கைகால்களையும் உதறுவார், மீன்கள் அதைக் கண்டு ஒளிந்துகொள்ளும்.

வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை போடுங்கள். சில களிம்புகளில் உள்ள ஆக்சிபென்சோன் போன்ற வேதிப்பொருள்கள் பவளத்துக்கு ஆகாது.

மூன்றாம் படி: ஒரு பாறை, பதினைந்து நிமிடம்

இதுதான் முக்கியமான படி. உயிருள்ள பவளம் உள்ள ஒரு பாறையைத் தேர்ந்தெடுங்கள். சுற்றிலும் கொஞ்சம் மணல் இருந்தால் இன்னும் நல்லது. அதன் மேலே நேராக மிதக்காமல் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, உங்கள் நிழல் பாறைமேல் விழாதபடி மிதங்கள். தலைக்கு மேல் திடீரென விழும் நிழல் என்றால் அந்த மீன்களுக்குப் பறவையோ பெரிய மீனோதான். பச்சை கலந்த வெளிர்நீலத்தில் கூட்டமாக நிற்கும் குரோமிஸ் மீன்களைக் கவனித்தால் இது நன்றாகப் புரியும். உங்கள் நிழல் பட்டதும் நூறு மீனும் ஒரே மூச்சில் கிளைப்பவளத்துக்குள் போய்விடும். நீங்கள் அசையாமல் இருந்தால், முதலில் சிறியவை கிளைகளின் நுனிவரை வந்து பார்க்கும், பிறகு மற்றவை வரும். அவை மறுபடி மேலே எழுந்து, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னத் தொடங்கிவிட்டால், உங்களை ஆபத்தில்லாத ஒன்றாக அந்தப் பாறை ஏற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காதையும் திறந்து வையுங்கள். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஓயாமல் ஒரு சத்தம் கேட்கும். அது சொடுக்கு இறால்கள் போடும் சத்தம். நடுவே 'கரக் கரக்' என்று கேட்டால், பக்கத்தில் எங்கோ ஒரு கிளிமீன் பாறையைச் சுரண்டுகிறது.

நான்காம் படி: நிறத்துக்கு முன் உருவம்

புதியவர்கள் "மஞ்சளாக ஒன்று பார்த்தேன், அது என்ன மீன்?" என்று கேட்பார்கள். நிறத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். பாரில் ஒரே மீன் குஞ்சில் ஒரு நிறமும் வளர்ந்த பிறகு வேறு நிறமுமாக இருக்கும். பேரரசத் தேவதை மீன் என்று ஒன்று உண்டு. குஞ்சு கருநீலம், உடம்பில் வட்டவட்டமாக வெள்ளைக் கோடுகள். வளர்ந்ததும் மஞ்சளும் நீலமுமாக நீளக் கோடுகள். இரண்டும் வெவ்வேறு இனம் என்றே ஒருகாலத்தில் நினைத்தார்கள். கிளிமீன்களிலும் பல வண்ண மீன்களிலும் பெண்ணுக்கு ஒரு நிறம், ஆணுக்கு வேறு நிறம். அதிலும் பெண்ணாக இருந்தது ஆணாக மாறும்போது நிறமும் மாறும்.

அதனால் முதலில் உருவத்தைப் பாருங்கள். தட்டுபோல் தட்டையாக, முன்னால் நீண்ட சிறு வாயோடு இருந்தால் வண்ணத்துப்பூச்சி மீன். வாலை ஆட்டாமல் பக்கத்துடுப்புகளைச் சிறகுபோல் அடித்துக்கொண்டு போனால் அது ராஸ் குடும்பம் அல்லது கிளிமீன். கை அகலத்துக்கும் குறைவாக, பாறையைவிட்டு ஓரடிகூட நகராமல் இருந்தால் பெரும்பாலும் டாம்சல் குடும்பம். மணலில் வயிறு படிய உட்கார்ந்திருந்தால் கோபி. எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு, கடைசியாக நிறத்துக்கு வாருங்கள்.

அந்த நிறங்கள் எதற்கு? கரையில் தட்டில் வைத்துப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் நீலமும், கடலுக்குள் சில மீட்டர் தள்ளிப் பார்த்தால் மங்கிப் பின்னணியோடு கலந்துவிடும். நீலம் நீரின் நிறத்தோடு போகும், மஞ்சள் பவளத்தின் நிறத்தோடு போகும். பக்கத்தில் வந்தால் பளீரென்று அடையாளம் காட்டும். தன் இனத்துக்குத் தெரிய வேண்டும், தூரத்து வேட்டைக்காரருக்குத் தெரியக் கூடாது. இரண்டு தேவைக்கும் ஒரே சட்டை. சிவப்பு நிறம் நீரில் முதலில் மறைந்துபோகும். ஐந்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும். சிவப்பு மீன்கள் பல இரவில் வேட்டையாடுகிறவையாக இருப்பதன் காரணம் இப்போது புரியும். விளக்கு இல்லாத இடத்தில் சிவப்பு என்பது கறுப்பேதான்.

ஐந்தாம் படி: வீட்டுக்காரர்களோடு தொடங்குங்கள்

தொடக்கக்காரர்களுக்கு டாம்சல் மீன்களைப் போல நல்ல ஆசிரியர் கிடையாது. ஓடிப் போகாது. ஓட வேண்டியதே நாம்தான் என்று அது நினைக்கிறது. என் முகமூடியை நோக்கி அன்று பாய்ந்து வந்த பழுப்பு மீன் ஒரு விவசாயி. பாறையில் ஒரு பாய் அகலத்துக்குப் பாசித் தோட்டம் வைத்திருக்கும். தனக்கு வேண்டாத பாசியை வாயால் பிடுங்கி எல்லைக்கு வெளியே துப்பும். நாம் களை எடுப்பது போலவேதான். தோட்டத்துக்குள் கடல் முள்ளெலி (உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடலுயிரி) வந்தால் முள்ளைக் கவ்வித் தூக்கிக்கொண்டுபோய் வெளியே போடுகிறவையும் உண்டு. மற்ற மீன் வந்தால் விரட்டும். அதன் எல்லை எங்கே என்று கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி: யாரை எந்த இடத்தில் விரட்டத் தொடங்குகிறது, எந்த இடத்தில் திரும்பிவிடுகிறது என்று நான்கைந்து முறை பார்த்தால் வேலி போட்டதுபோல் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும்.

முதுகில் மஞ்சளும் உடம்பில் ஐந்து கறுப்புப் பட்டையும் உள்ள சார்ஜண்ட் மீனை எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள். கூட்டத்தைவிட்டு ஒன்று மட்டும் தனியாக ஒரு பாறைச் சுவரை ஒட்டி, கொஞ்சம் நீலம் கூடிப்போய் நின்றால், அங்கே நெருங்காமல் உற்றுப் பாருங்கள். சுவரில் ஊதா கலந்த சிவப்புத் திட்டு ஒன்று தெரியும். அத்தனையும் முட்டைகள். காவல் நிற்பது தகப்பன். துடுப்பால் விசிறி முட்டைகளுக்கு நல்ல நீர் போகும்படி பார்த்துக்கொள்ளும். நீங்கள் அருகே போனால் அது உங்களைத் துரத்த வரும்; அந்த ஒரு நிமிடத்தில் மற்ற மீன்கள் பாய்ந்து முட்டையைத் தின்றுவிடும். இது நான் கண்ணால் பார்த்தது. அதனால்தான் தள்ளி நில்லுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அடுத்து எல்லோரும் தேடும் கோமாளி மீன். அதைத் தேடாமல் கடல் சாமந்தியைத் தேடுங்கள். விரல்விரலாக அசையும் கொட்டும் உயிரி அது. அதற்குள் கோமாளி மீன் இருக்கும். இலங்கையிலும் அந்தமானிலும் கிளார்க் கோமாளியைக் காணலாம். ஆரஞ்சில் மூன்று வெள்ளைப் பட்டை உள்ளது அந்தமானில் உண்டு. சாமந்தியின் கொட்டும் அணுக்கள் தன்மேல் பாயாதபடி அதன் உடம்பு வழவழப்பு காக்கிறது. கைம்மாறாக, சாமந்தியின் விரல்களைக் கடிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களைக் கோமாளி விரட்டுகிறது. அதன் கழிவு, சாமந்திக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு உரமாகிறது.

இப்போது மீன்களை எண்ணுங்கள். ஒரு சாமந்தியில் மூன்று நான்கு இருந்தால் அவற்றை அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். ஆகப் பெரியது பெண். அடுத்தது ஆண். மற்றவை இனம்பெருக்காமல் காத்திருப்பவை. பெண் இறந்தால் இரண்டாவதாக இருந்த ஆண் பெண்ணாக மாறும். மூன்றாவதாக இருந்தது முதிர்ந்து ஆணாகும். 1977இல் ஆய்வாளர்கள் ஹான்ஸ் ஃபிரிக்கேயும் சிமோன் ஃபிரிக்கேயும் இதை எழுதினார்கள். அதற்கும் மேலே ஒன்று உண்டு. காத்திருப்பவை தங்கள் வளர்ச்சியைத் தாங்களே அடக்கிக்கொள்கின்றன. மேலே உள்ளதன் அளவை நெருங்கினால் சண்டை வரும், வெளியேற்றப்படும், சாமந்தியைவிட்டு வெளியே போனால் சாவுதான். பீட்டர் பஸ்டன் 2003இல் காட்டியது இது. நிமிடக்கணக்கில் பார்த்தால் அந்த வரிசை நடத்தையிலும் தெரியும்: பெரியது நெருங்கினால் சின்னது தலையை நடுக்கிப் பணிந்து காட்டும்.

சாமந்தியின் அடியில் ஒட்டினாற்போல் உள்ள பாறையில் ஆரஞ்சுத் திட்டு இருந்தால் அதுவும் முட்டைதான். ஏறக்குறைய ஒரு வாரத்தில், பொழுது சாய்ந்து இருட்டிய பின் பொரியும். குஞ்சுகள் திறந்த கடலில் பத்து நாள் வரையோ கொஞ்சம் கூடவோ மிதந்து திரிந்துவிட்டுத்தான் பாருக்குத் திரும்பும். பாரில் வாழும் சிறு மீன்களில் பெரும்பாலானவை இப்படிக் குழந்தைப் பருவத்தை நடுக்கடலில் கழித்தவை. மணமும் பாரின் சத்தமும் அவற்றுக்கு வழிகாட்டுகின்றன.

ஆறாம் படி: துப்புரவு நிலையத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு நாளில் ஒரே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். விரல் நீளத்தில், பக்கவாட்டில் கறுப்புக் கோடு ஓடும் நீல மீன் ஒன்று, ஏதாவது ஒரு மேட்டிலோ பெரிய பவளத்தின் நுனியிலோ மேலும் கீழுமாக ஆடி ஆடி நீந்தும். அது நடனமாடி விளம்பரம் செய்கிறது. துப்புரவு ராஸ் அதன் பெயர். வாடிக்கையாளர் மீன்கள் வந்து, துடுப்பை விரித்து, வாயைத் திறந்து, சில தலைகீழாகக்கூட நின்று காத்திருக்கும். அது அவற்றின் உடம்பிலும் செவுளிலும் வாய்க்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். ஆஸ்திரேலியாவில் அலெக்சாண்ட்ரா கிரட்டர் கணக்கிட்டபோது ஒரு துப்புரவு மீன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்றது தெரியவந்தது. நான் முதல் நாள் பார்த்த, வாய்க்குள் போய்வந்த மீன் இதுதான்.

சரி, இது இணக்கமான சேவை என்று நினைத்துவிடாதீர்கள். துப்புரவு மீனுக்கு உண்மையில் ஒட்டுண்ணியைவிட வாடிக்கையாளரின் வழவழப்புச் சளிதான் பிடிக்கும். அதைக் கடித்தால் வாடிக்கையாளர் சட்டென்று துள்ளும். அந்தத் துள்ளலைக் கவனியுங்கள். அது நடந்தால் ஏமாற்று நடந்தது என்று பொருள். ரெடுவான் பிஷரி பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னவை வியப்பானவை. வேறு பாறைக்குப் போக வசதி உள்ள பயணி மீன்களுக்கு முன்னுரிமை, அந்தப் பாறையிலேயே கிடக்கும் உள்ளூர் மீன்கள் காத்திருக்க வேண்டும். வேட்டையாடும் களவா மீனை ஏமாற்றுவது மிகவும் குறைவு. வரிசையில் நிற்பவை பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் ஒழுங்காக நடந்துகொள்ளும். ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து ஒரு வாடிக்கையாளரைத் துப்புரவாக்கும்போது பெண் ஏமாற்றிக் கடித்துவிட்டால் ஆண் அதைத் துரத்தித் தண்டிக்கும்.

அந்த ஆண் ஒரு காலத்தில் பெண்தான். ஒரு ஆணுக்குக் கீழே சில பெண்கள் என்ற ஏற்பாடு அது. ஆண் காணாமல் போனால் ஓரிரு மணி நேரத்திலேயே ஆகப் பெரிய பெண் ஆணைப் போல் நடக்கத் தொடங்கும், இரண்டு மூன்று வாரத்துக்குள் முழு ஆணாகிவிடும். டி. ஆர். ராபர்ட்சன் 1972இல் இதை வெளியிட்டார். கோமாளி மீனில் ஆண் பெண்ணாகிறது, இங்கே பெண் ஆணாகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சின்ன மீன் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவுப் பக்கம் சில பாறைகளிலிருந்து துப்புரவு மீன்களை எட்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பாறைகளில் தங்கி வாழும் மீன் இனங்கள் கிட்டத்தட்ட கால்வாசி குறைந்தன. வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு ஒரு துப்புரவு மீன் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்று மன்றாடுவது இதனால்தான். தொட்டியில் அதற்குப் போதிய தீனி கிடைக்காமல் பல செத்துப்போகின்றன. பாரிலோ ஒரு பாறைக்கே மருத்துவர் போய்விடுகிறார்.

ஒரு எச்சரிக்கை: இதே நிறத்தில், இதே ஆட்டத்தோடு ஒரு போலி உண்டு. நம்பி நிற்கும் மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். உண்மையான துப்புரவு மீனுக்கு வாய் முகத்தின் முனையில். போலிக்கு மூக்குக்குக் கீழே. இரண்டையும் முதல்முறை பிரித்தறிந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஏழாம் படி: மணல் ஓரத்தையும் விடாதீர்கள்

பாறை முடிந்து மணல் தொடங்கும் இடத்தை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே சிறு குழி ஒன்றின் வாசலில் விரலளவு மீன் காவல் உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் பொறுத்தால் குழிக்குள்ளிருந்து ஒரு இறால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், கொட்டிவிட்டுத் திரும்பும், மறுபடி வரும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது வெளியே நிற்கும்போதெல்லாம் தன் மீசையால் மீனைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து வந்தால் கோபி வாலைச் சொடுக்கும். இறால் உள்ளே ஓடிவிடும். இன்னும் நெருங்கினால் மீனும் தலைகுப்புறக் குழிக்குள் பாயும். வீடு கட்டுவது ஒருவர், காவல் காப்பது மற்றவர். நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தால் அந்தச் சொடுக்கு வருகிறது என்று பார்த்து, அதற்கு அரை மீட்டர் பின்னால் நில்லுங்கள்.

எட்டாம் படி: ஜோடிகள்

வண்ணத்துப்பூச்சி மீன்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகவே போகும். ஒன்று பிரிந்துவிட்டால் மற்றது தேடும். பல இனங்கள் உயிருள்ள பவளத்தின் மொட்டுகளை மட்டுமே கொத்தித் தின்னும். பவளம் செத்த இடத்தில் அவற்றைக் காண முடியாது. ஒரு பாரின் உடல்நிலையை அறிய நான் முதலில் எண்ணுவது இவற்றைத்தான். கண்மேல் ஓடும் கறுப்புப் பட்டையும், சிலவற்றில் வாலருகே உள்ள போலிக் கண்ணும், கடிக்க வருபவரைத் தலை எது என்று குழப்புவதற்கு.

ஓரா மீன்களையும் கவனியுங்கள். நம் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த மீன். முள் குத்தினால் கடுக்கும் என்பதும் தெரியும். பாரில் சில ஓரா இனங்கள் ஜோடியாக மேயும்போது ஒன்று இடுக்குக்குள் தலையை விட்டு மேய, மற்றது தலையை மேலே தூக்கிக் காவல் பார்க்கும். பிறகு முறை மாற்றிக்கொள்ளும். 2015இல் இதை ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். நம் கண்ணாலேயே பார்க்கக்கூடியது.

ஒன்பதாம் படி: மாலை நேரம்

பூங்காக்களில் மாலைக்கு முன்பே கரையேற்றிவிடுவார்கள். தங்குமிடத்தை ஒட்டியே பார் இருந்து, கூட வழிகாட்டி ஒருவரும் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். அந்தமான் கிழக்கே தள்ளி இருப்பதால் குளிர்காலத்தில் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். நேரத்தைச் சரியாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பகல் மீன்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடுக்குக்குத் திரும்பும். தினமும் அதே இடுக்கு. பிறகு கொஞ்ச நேரம் பாரே காலியாகக் கிடக்கும். வேட்டை மீன்களுக்கு வசதியான அரையிருட்டு அது. அதற்கப்புறம் பெரிய கண்ணோடு சிவப்பு மீன்கள் குகைகளிலிருந்து வெளிவரும். சில கிளிமீன்கள் வாயிலிருந்து சளியைச் சுரந்து, கண்ணாடிப் பைபோல் தன்னைச் சுற்றி மூடிக்கொண்டு தூங்கும். இரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணிகளை அது தடுக்கிறது. கொசுவலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். துப்புரவு மீனும் இரவில் தூங்குகிறதல்லவா.

பத்தாம் படி: உங்கள் பாதுகாப்பு

தனியாக இறங்காதீர்கள். எதையும் தொடாதீர்கள், எதன் மேலும் நிற்காதீர்கள். பவளம் உயிருள்ளது என்பது ஒரு காரணம். கல்போலவே கிடக்கும் கல் மீன் இன்னொரு காரணம். அதன் முள்ளில் கடும் விஷம் உண்டு. சிங்க மீனின் முள்ளும் அப்படியே. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தபடி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இடுக்குகளில் கையை விடாதீர்கள், பாம்புபோல் நீண்ட அஞ்சாலை மீன் இருக்கலாம்.

பெரிய கிளாத்தி மீன் ஒன்று முட்டைக்குக் காவல் நின்றால் அது உண்மையிலேயே கடிக்கும். அது காக்கும் இடம் தரையிலிருந்து மேலே போகப்போக விரிந்துகொண்டே போகும், புனலைப் போல. மேலே எழும்பித் தப்பிக்கப் பார்த்தால் அதன் எல்லைக்குள்ளேயேதான் இருப்பீர்கள். பக்கவாட்டில் விலகிப் போங்கள். புறாமலையில் கறுப்பு முனைத் துடுப்புள்ள சிறு சுறாக்களைக் காணலாம். அவை நம்மைக் கண்டால் விலகிப் போகிறவை. துரத்தாமல் பாருங்கள்.

ரொட்டித்துண்டு போட்டு மீனைக் கூப்பிடும் பழக்கம் சில படகுகளில் உண்டு. நான் போன படகு ஒன்றில் தடுத்தும் கேட்கவில்லை. ரொட்டி போட்டதும் சார்ஜண்ட் மீன்கள் நூற்றுக்கணக்கில் மொய்த்தன. அந்த அரை மணி நேரமும் வேறு எந்த மீனின் இயல்பான நடத்தையையும் பார்க்க முடியவில்லை. முட்டைத் திட்டுகளுக்குப் பக்கத்தில் அந்தக் கூட்டம் என்ன செய்திருக்கும் என்று நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏறும் முன்பே "தீனி போட வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

கடைசிப் படி: எழுதி வையுங்கள், திரும்பிப் போங்கள்

கரையேறியதும் துவட்டிக்கொள்ளும் முன்பே எழுதுங்கள். மீனின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. 'பெரிய மூளைப்பவளத்தின் இடப்பக்கம், ஐந்து பட்டை மீன், தனியாக, ஊதாத் திட்டு முன்னால்' என்று எழுதினால் போதும். உருவத்தை ஒரு கோட்டுப் படமாக வரைந்துவிட்டால் பெயரைப் பிறகு கண்டுபிடிக்கலாம். எண்ணிக்கை எழுதுங்கள். வெளுத்துப்போன பவளமோ சாமந்தியோ கண்டால் அதையும் எழுதுங்கள். கடல் சூடேறும் ஆண்டுகளில் சாமந்தியும் வெளுக்கும், வெளுத்த சாமந்தியில் கோமாளி மீன்கள் முட்டையிடுவது குறைந்துபோகும்.

முடிந்தால் அடுத்த நாள் வேறு தீவுக்குப் போகாமல் அதே பாறைக்குப் போங்கள். நேற்றைய சார்ஜண்ட் அதே சுவரில்தான் நிற்கும். முட்டைத் திட்டின் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். முட்டைக்குள் கண்கள் புள்ளிபுள்ளியாகத் தெரியத் தொடங்கியிருந்தால் ஓரிரு இரவுகளில் பொரிந்துவிடும். அதற்கடுத்த நாள் போனால் சுவர் வெறுமையாக இருக்கும். தகப்பன் நீலம் குறைந்து கூட்டத்தோடு சேர்ந்திருக்கும்.